கிவி வாங்குகிறவர்மேல் பழி போடாதீர்கள்

"நம்ம ஜனங்களுக்கு வெளிநாட்டுப் பழ மோகம்." இயற்கை வேளாண்மை மேடையில் பேசுகிறவர், வார இதழில் மருத்துவக் குறிப்பு எழுதுகிறவர், தினமும் விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பும் பெரியப்பா என எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற வாசகம் இது. கொய்யாவையும் நாவலையும் இலந்தையையும் மறந்துவிட்டுக் கிவிக்கும் டிராகன் பழத்துக்கும் வாஷிங்டன் ஆப்பிளுக்கும் வாயைப் பிளக்கிறோமாம். அதனால்தான் நம் பழங்கள் அழிகின்றனவாம். கேட்டுக்கொண்டிருப்பவர் பலமாகத் தலையாட்டுவார். கூட்டம் கலைந்ததும் பேரப்பிள்ளைக்கு அரைக் கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். என் சண்டை அந்த வாசகத்தோடுதான். நம் பழம் நாக்கிடம் தோற்கவில்லை, கடைக்கே வந்து சேரவில்லை. வந்து சேராத பழத்தை வாங்காததற்கு 'மோகம்' என்று பெயர் சூட்டுவதால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களுக்கு மட்டும்தான்.

பழையசீவரத்தை எடுத்துக்கொள்வோம். வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், லட்சுமி நரசிம்மர் மலையை ஒட்டி, பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். எதிர்க்கரையில் திருமுக்கூடல். அதையும் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஷிப்டு முடிந்து ஒரு பெண் இறங்கும்போது இருட்டியிருக்கும். கூடையில் கொய்யா விற்கும் ஆயா அதற்குள் எழுந்து போயிருப்பார். நின்று அவர் விற்கவும் முடியாது, தெருவிளக்கில் கனிந்த பழத்தையும் அழுகல் பழத்தையும் யார் பிரித்துப் பார்த்து வாங்குவார்கள்? விளக்கு எரிகிற கடையில் ஆப்பிள் இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது, மாதுளை இருக்கிறது, பச்சை வாழை தொங்குகிறது, பிளாஸ்டிக் டப்பாவில் கிவி இருக்கிறது. அவர் ஆப்பிள் வாங்குகிறார். வாரத்தில் ஆறு நாள் ஆலையில் நிற்கிறவர், கண்ணெதிரே இருக்கிற பழத்தை வாங்கியதில் மோகம் எங்கிருந்து வந்தது?

அந்த ஆப்பிள் எப்படி அங்கே வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஆப்பிள் பறிப்பார்கள். பறித்ததை ஆக்சிஜனைச் சில சதவீதத்துக்குக் குறைத்த, உறைநிலையை ஒட்டிய குளிரறையில் அடைத்துவிட்டால் அடுத்த கோடை வரை மொறுமொறுப்பு போகாது. ஒரே அளவாகப் பிரித்து, ஒரு பெட்டிக்கு 100, 113, 125 என்று எண்ணி அடுக்கி, ஒவ்வொன்றையும் தனிக் குழியில் உட்காரவைத்துக் கப்பலேற்றுகிறார்கள். 2001 ஏப்ரலில் இந்தியா இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்ட பிறகு அந்தப் பெட்டிக்கு நம் துறைமுகங்கள் திறந்துவிட்டன. வரி ஏறும், இறங்கும். 2017-ல் பூச்சி காரணமாகச் சீன ஆப்பிளை நிறுத்தினார்கள், 2019-ல் அமெரிக்க ஆப்பிளுக்குக் கூடுதலாக 20 சதவீத வரி போட்டார்கள், 2023-ல் அதை எடுத்தார்கள். இவ்வளவு நடந்தும் பெட்டிக் கடைக்காரரின் தட்டு ஒருநாளும் காலியாகவில்லை. ஓரிடத்தில் நின்றால் இன்னோரிடத்திலிருந்து வரும். துருக்கி, ஈரான், நியூசிலாந்து என்று ஆப்பிளுக்குப் பூமி முழுக்கத் தோட்டம் இருக்கிறது.

இப்போது நாவல் பழத்தைப் பாருங்கள். ஆனி ஆடியில் காய்க்கும். மரத்தின்மேல் ஏற வேண்டும், கிளை முறிகிற மரம் அது. உலுக்கினால் மண்ணில் விழுந்து நசுங்கும். கீழே துணி பிடிக்க இரண்டு பேர் வேண்டும். காலையில் பறித்தது மறுநாள் சாயங்காலம் தோல் சுருங்கிவிடும். சீதாப்பழம் பறித்த மூன்று நாளில் கனிந்து பிளக்கும். கொய்யாவும் அப்படித்தான். சரி, இவற்றையும் குளிரறையில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஆப்பிளுக்குப் போட்ட குளிரில் வாழைப்பழத்தை வைத்தால் கறுத்துப்போகும், அதற்கு 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. மாம்பழத்துக்கும் அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது. வெப்பநாட்டுப் பழத்துக்கு அதற்கேற்ற தனி ஏற்பாடு வேண்டும். ஆப்பிளுக்கு அந்த ஏற்பாட்டை உருவாக்க ஒரு நூற்றாண்டாக ஆராய்ச்சியும் பணமும் கொட்டியிருக்கிறார்கள். நாவலுக்கு நாம் கொடுத்தது மூங்கில் கூடை. அடியில் இருப்பது சாறாகப் போகும், மண்டியில் அதைக் 'கழிவு' என்று கணக்கில் அடிப்பார்கள், பறித்தவன் தலையில் விடியும்.

"தேவை இருந்தால் வியாபாரி எப்படியாவது கொண்டுவரமாட்டானா? ஜனங்கள் கேட்பதில்லை, அவன் கொண்டுவருவதில்லை" என்பது அடுத்த வாதம். கேட்பதில்லையா? சென்னையில் நாவல் பழம் கிலோ ஆப்பிளைவிட விலை கூடி விற்கிற வாரங்கள் வருடந்தோறும் வருகின்றன. மோகம் பிடித்த ஜனங்கள்தான் அந்த விலை கொடுத்து வாங்குகிறார்கள். சித்திரை வைகாசியில் ஜிஎஸ்டி சாலையோரம் நுங்கு வெட்டுகிற இடத்தில் நிற்கும் கார்களைப் பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் கிவி தின்னத் தெரியாதவர்கள் இல்லை. நுங்குக்கு வாங்க ஆள் இருக்கிறது, பனை ஏறத்தான் ஆள் இல்லை.

விநாயகர் சதுர்த்தி இதைவிட நல்ல சாட்சி. வருடம் முழுக்க யாரும் சீந்தாத விளாம்பழம் அந்த இரண்டு மூன்று நாளில் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. கோயம்பேட்டில் சிறப்புச் சந்தை போடுகிறார்கள். தெருமுனைகளில் பிள்ளையார் குடையோடு சேர்த்து விளாம்பழத்தைக் குவித்து வைத்து விற்கிறார்கள். மறுவாரம் காணாமல் போகிறது. ஒரே வாரத்தில் சுவை மாறிவிடுமா? குறித்த நாளில் குறித்த இடத்தில் விற்றுவிடும் என்று வியாபாரிக்குத் தெரிந்தால் பழம் வருகிறது, தெரியாத நாளில் வருவதில்லை. தேவையைக் கோயில் நாட்காட்டி உறுதிசெய்து கொடுக்கிறது. மற்ற நாட்களுக்கு அந்த உறுதியைக் கொடுக்க ஆளில்லை.

மோக வாதத்தைக் குழிதோண்டிப் புதைக்க வாழைப்பழம் ஒன்றே போதும். உலகத்திலேயே அதிகம் வாழை விளைவிக்கிற நாடு நம்முடையது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சியில்தான் இருக்கிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலக்கி, செவ்வாழை, மட்டி, நேந்திரன், விருப்பாட்சி என்று ரகங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், பிடித்தது எது என்று. ரஸ்தாளி என்பார்கள், பூவன் என்பார்கள், தென்கோடியில் மட்டி என்பார்கள். ஜி-9 என்கிற பச்சை வாழையை ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆனால் டீக்கடைக் கயிற்றில், பேருந்து நிலையத்தில், சூப்பர் மார்க்கெட்டில் தொங்குவது அந்தப் பச்சை வாழைதான். திசு வளர்ப்பில் ஒரே சீராக வளரும், குலை கனமாக இருக்கும், எத்திலீன் அறையில் எல்லாச் சீப்பும் ஒன்றாகப் பழுக்கும், லாரியில் அடிபட்டாலும் தாங்கும். இவை அத்தனையும் வியாபாரியின் விருப்பங்கள். சாப்பிடுகிறவர் நாக்கை யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ரஸ்தாளியை வாடல் நோய் தின்றது. பழனி மலையில் விருப்பாட்சியை முடிக்கொத்து நோய் ஆயிரக்கணக்கான ஏக்கரில் துடைத்தெடுத்தது. 2008-ல் புவிசார் குறியீடு கொடுத்துக் கௌரவித்தார்கள், அதற்குள் மலையில் மிச்சம் இருந்தது கொஞ்சம். வெளிநாட்டுப் பழம் எதுவும் இதில் போட்டிக்கே வரவில்லை. வாழையோடு வாழை மோதிய ஆட்டத்திலேயே நாக்குக்குப் பிடித்தது தோற்று, மண்டிக்குப் பிடித்தது ஜெயித்தது. இதற்கு எந்த மோகத்தைக் காரணம் சொல்வீர்கள்?

பழம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதே குற்றமென்றால், 'நம் பழம்' என்று மேடையில் அடுக்கும் பட்டியலில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். கொய்யா, பப்பாளி, அன்னாசி, சப்போட்டா, சீதா எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கடல் தாண்டி வந்தவை. குற்றாலத்தில் சீசனுக்குப் போகிறவர்கள் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குகிறார்கள், இரண்டும் மலாய் நாட்டுப் பக்கத்துப் பழங்கள். நீலகிரி மலைச்சரிவில் பர்லியாறு பண்ணை 1871 முதல் இருக்கிறது, மங்குஸ்தானும் துரியனும் அங்கே காய்க்கின்றன. குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கினால் பண்பாடு, வாலாஜாபாத்தில் கிவி வாங்கினால் மோகமா? கொய்யா நம் பழம் ஆனது கொல்லையில் காய்த்ததால். பப்பாளி, காக்கை போட்ட விதையில்கூட முளைத்துக் கைக்கு எட்டியது. கைக்கு எட்டுவது நாளடைவில் நாக்குக்குப் பழகுகிறது.

பகட்டே கிடையாது என்று நான் சாதிக்கவில்லை. சீர்வரிசைத் தட்டில் டிராகன் பழத்தை நடுவில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது கையில் ஆப்பிள் இருந்தால்தான் மரியாதை. ஆனால் அந்தத் தட்டு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. பகட்டுக்கு வாங்கியதையும் பசிக்கு வாங்கியதையும் பயத்துக்கு வாங்கியதையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மோகம்' என்று முத்திரை குத்துவதுதான் கோளாறு.

பயம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. டெங்கு பரவுகிற மாதங்களில் கிவியின் விலை ஏறும். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்று பிள்ளையைப் படுக்கையில் போட்டிருக்கும் தாயிடம், பக்கத்துப் படுக்கைக்காரர் 'கிவி கொடுங்க, ஏறும்' என்கிறார். டெங்குவில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சையின் உயிர்நாடி. ஆபத்துக் கட்டம் தாண்டினால் தட்டணுக்கள் தாமாகவே ஏறும், கிவியால் ஏறியது என்று நிரூபணம் கிடையாது. வைட்டமின் சி-தான் குறி என்றால் 100 கிராம் கிவியில் ஏறக்குறைய 90 மில்லிகிராம், அதே எடைக் கொய்யாவில் 200-க்கும் மேல், ஆப்பிளில் ஐந்தோ ஆறோ. இதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியது மருத்துவமனை. அவர் பையில் இருந்த கடைசி நூறு ரூபாயைக் கிவிக்குக் கொடுத்தார் என்றால் அதற்குப் பெயர் மோகமா? அப்படிச் சொல்ல வாய் கூச வேண்டும்.

பயத்தை ஆயுதமாக எடுப்பதில் மோக வாதக்காரர்களே முன்னணியில் நிற்கிறார்கள். ஆப்பிளைக் கத்தியால் சுரண்டி மெழுகைக் காட்டும் வீடியோ எத்தனை வருடமாகச் சுற்றுகிறது! தேன்மெழுகு, கர்னோபா மெழுகு போன்ற இயற்கை மெழுகைப் பழத்தின்மேல் பூசச் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதிக்காததைப் பூசியிருந்தால் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் 'பழத்தை நம்பாதே' என்று விதைத்துவிட்டால் அது வெளிநாட்டு எல்லைக்கோட்டில் நின்றுவிடுமா? 2025 மார்ச் கடைசியில் பதில் கிடைத்தது. தர்பூசணியில் சாயம் ஏற்றியிருக்கிறதா என்று டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பார்க்கும் சோதனையைச் சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் செய்து காட்ட, அந்தக் காட்சி தீயாகப் பரவியது. சில நாளில் வியாபாரம் படுத்தது. செங்கல்பட்டு, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கமெல்லாம் அறுவடைக்குத் தயாராக இருந்த பழத்தைக் கேட்க ஆளில்லை, வயலிலேயே அழுகவிட்டார்கள், மாட்டுக்குப் போட்டார்கள். அதிகாரிகளும் தோட்டக்கலைத் துறையும் பிறகு விளக்கம் கொடுத்தார்கள். கோடை அதற்குள் பாதி போய்விட்டது. பங்குனி வெயிலில் தர்பூசணியின் சுவை திடீரென்று யாருக்கும் கசந்துவிடவில்லை. நம்பிக்கை போனது, கிராக்கியும் போனது. கப்பலில் வந்த பெட்டிக்குப் பின்னால் பணம்படைத்த நிறுவனம் நிற்கும், வதந்தி வந்தால் மறுத்து விளம்பரம் கொடுக்கும். பாலாற்றுப் படுகைத் தர்பூசணிக்காரருக்காக யார் விளம்பரம் கொடுப்பார்?

இந்த மோக வாதம் பேச்சோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதுதான் ஆபத்து. "ஜனங்களுக்கு அதுதானே பிடிக்கிறது, அதையே விளைவியுங்கள்" என்று விவசாயியிடம் டிராகன் பழத்தை நீட்டுகிறார்கள். ஏக்கர் முழுக்கச் சிமென்ட் கம்பம் நட வேண்டும், கம்பத்துக்கு நாலு கன்று, மேலே வளையம், சொட்டுநீர், முதலிலேயே பல லட்சம் போட்டாக வேண்டும். நல்ல மகசூலுக்கு மூன்றாம் வருடம்வரை காத்திருக்க வேண்டும். முதலில் இறங்கியவர்களில் பலர் பழத்தைவிடக் கன்று விற்றே சம்பாதித்தார்கள், கன்று வாங்கி நட்டவர்களின் பழம் இப்போது ஒரே மாதங்களில் ஒரே சந்தையில் வந்து இறங்குகிறது. செடியின் மேல் எனக்கு விரோதம் இல்லை, தண்ணீர் குறைவாகக் கேட்கிற நல்ல செடி. சீர்த்தட்டின் நடுவில் வைக்க ஒரு பழம் போதும் என்பதை மட்டும் யோசிக்கச் சொல்கிறேன். 2003-ல் வனிலா விலை விண்ணைத் தொட்டபோது மலைத்தோட்டங்களில் கொடி ஏற்றினார்கள், இரண்டு மூன்று வருடத்தில் பறிகூலிக்கும் கட்டவில்லை. 2012-ல் ஈரோட்டுப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்து, பணம் போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பகட்டுக் கிராக்கியை அன்றாடக் கிராக்கி என்று நம்பிக் கடன் வாங்குகிறவர் விவசாயி, நம்பவைத்தவர் அடுத்த பயிருக்குப் போய்விடுவார்.

நம் சிறு பழங்கள் ஏன் வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணம் தோட்டத்துக்கு வெளியே இருக்கிறது. நாவலும் இலந்தையும் விளாவும் கொடுக்காப்புளியும் என்றைக்கும் முழுப் பயிராக இருந்ததில்லை. பட்டா நிலத்தில் நாவல் தோப்பு வைத்தவர் மிகச் சிலர். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் கோயில் நிலத்திலும் நின்ற மரங்கள் அவை. பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி இலந்தை விற்ற ஆயாவுக்கு முதல் போட்டுத் தந்தது ஊர்ப் பொதுநிலம்தான். சாலை அகலமானபோது மரம் போயிற்று. ஏரிக்கரையைச் சீமைக்கருவேலம் பிடித்தது. மிச்சம் நின்றவற்றைப் புளியைப் போலக் குத்தகைக்கு விடக்கூட யாரும் மெனக்கெடவில்லை. மரம் போய்ப் பழம் குறைந்து, அதற்கப்புறம்தான் பிள்ளைகளுக்குப் பெயர் மறந்தது. மோகத்தில் தொடங்கி மரத்தில் முடிப்பவர்கள் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

தோட்டத்துக்கு ஊரே ஆள் வைத்த காலமும் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாத் தலைவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த அந்தக் கல்வெட்டு ஓட்டுப் போட்டதோடு முடியவில்லை. தேர்ந்தெடுத்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. ஏரிக்கு வைத்ததைப்போல் இரண்டு மடங்கு ஆட்களைத் தோட்டத்துக்கு வைத்திருந்த ஊர் அது. இன்றைக்கு அதே வட்டாரத்து ஊராட்சிகளில் குடிநீருக்கு, விளக்குக்கு, சாக்கடைக்கு ஆள் உண்டு. ஊர்ப் பழமரங்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் பழம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி. ஒரு நடுத்தரக் கொய்யா. அதுகூட எட்டாத வீடுகள்தான் அதிகம். எந்தப் பழம் உயர்ந்தது என்று நாம் மேடையில் அடித்துக்கொள்கிறோம்.

ஆகவே அடுத்த முறை யாராவது மோகம் என்று ஆரம்பித்தால், உங்கள் ஊர் ஏரிக்கரையில் எத்தனை நாவல் மரம் நிற்கிறது என்று கேளுங்கள். பழையசீவரத்திலும் திருமுக்கூடலிலும் பழவேரியிலும் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடும். கரையிலும் புறம்போக்கிலும் ஒட்டு நாவல், சீதா, விளா நட வேண்டும், மரங்களைப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்குப் பல வருடக் குத்தகைக்குத் தர வேண்டும், பறித்ததை நசுங்காமல் கொண்டுபோக ஆழமில்லாத பிளாஸ்டிக் பெட்டி வேண்டும், கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில் விளக்கோடு ஒரு விற்பனை மேடை வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கொடுங்கள். ஒட்டு நாவல் காய்க்க ஆறேழு வருடம் ஆகும், அதனால் தீர்மானம் இந்த வருடமே வேண்டும்.